எட்டாம் வேற்றுமை: பெயர், பொருள், விளி குறித்துச் சில குறிப்புகள்

1

பேருந்து நிலையங்களிலும் கோயில் வாசல்களிலும் விற்கிற, குழந்தைகளுக்கு அழகான பெயர் வைப்பது எப்படி என்கிற வகைப் புத்தகங்களை வாங்கிச் சேர்க்கும் பழக்கம் எனக்குண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்புதான். இடது பக்கம் பெயர், வலது பக்கம் பொருள். ஆதவன் என்றால் சூரியன். நிலா என்றால் சந்திரன். பெயரை வைத்துவிட்டால் அதன் பொருள் பிள்ளைக்கு வந்து சேர்ந்துவிடும் என்கிற நம்பிக்கை இந்த இரண்டு பத்திகளுக்கு இடையில் ஓடுகிறது. என்னிடம் இருக்கும் புத்தகங்களில் எதிலும் என் அப்பாவின் பெயர் இல்லை. அவர் பெயர் குப்பன்.

இல்லாமல் போனதில் ஆச்சரியமில்லை. வலது பக்கத்தில் என்ன எழுதுவார்கள்? ஆனால் அந்த இல்லாமைதான் என்னை இந்தக் கட்டுரைக்குள் தள்ளியது. பெயருக்குப் பொருள் என்று நாம் சொல்வது எதை?

நன்னூல் பெயர்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்று பிரிக்கிறது. மரம் என்ற சொல்லுக்குக் காரணம் கேட்க முடியாது, இட்டார்கள், வழங்குகிறது. அணி என்பது காரணப் பெயர், அணியப்படுவதால் அணி. இரண்டுக்கும் நடுவில் காரண இடுகுறி என்றொரு வகையையும் பேசுவார்கள். முள் இருப்பதால் முள்ளி, ஆனால் முள் இருக்கிற எல்லாமும் முள்ளி ஆகாது. மனிதர்களின் பெயர் இதில் எந்த வகை? 1843இல் வெளிவந்த தன் தர்க்க நூலில் ஜான் ஸ்டூவர்ட் மில் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். தனிப்பெயர் ஆளைச் சுட்டும், அவ்வளவுதான். அவரைப் பற்றி எதையும் சொல்லாது. டார்ட் நதியின் முகத்துவாரத்தில் இருப்பதால் ஒரு ஊருக்கு டார்ட்மவுத் என்று பெயர் வந்திருக்கலாம். நாளைக்கு நதி திசை மாறிப் போனாலும் ஊரின் பெயர் மாறாது. காரணம் செத்த பிறகும் பெயர் உயிரோடிருக்கும் என்பது மில்லின் வாதம்.

மில்லின் தெருவில் இது சரியாக இருக்கலாம். எங்கள் தெருவில் சரியாக இல்லை. என் அப்பாவின் பெயர் அவரைச் சுட்டியது மட்டுமல்ல. அவர் எங்கே நிற்கவேண்டும் என்பதையும் சொன்னது. ஆனால் அதைச் சொன்னது 'குப்பை' என்ற சொல் அல்ல என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. பெயரின் பொருள் எழுவாயில் இல்லை, விளியில் இருக்கிறது. அதாவது முதல் வேற்றுமையில் தேடுகிறோம், எட்டாம் வேற்றுமையில் கிடக்கிறது.

2

முதலில் குப்பனின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பாட்டிக்கு அப்பாவுக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் பிறந்து செத்துப்போயின. நான்காவது தங்க வேண்டுமே. பிறந்த பிள்ளையைக் கொண்டுபோய்த் தெருக்கோடி குப்பைமேட்டில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி, 'ஐய, யாரோ போட்டுட்டுப் போன புள்ள' என்று எடுத்தாள். அவளிடம் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து என் பாட்டி பிள்ளையை வாங்கிக்கொண்டாள். எடுத்துக்கொண்டு போக வருகிற சாவுக்கு, இது ஒன்றுக்கும் உதவாத பண்டம், பெற்றவளே வேண்டாமென்று எறிந்தது என்று காட்டுகிற தந்திரம் இது. தமிழ்நாட்டில் பல சாதிகளிலும் இந்த வழக்கம் இருந்திருக்கிறது. குப்பன், குப்பம்மா, பிச்சை என்ற பெயர்கள் இப்படி வந்தவை. மூக்குக் குத்தி விட்ட ஆண்பிள்ளை மூக்கன்.

ஆக, குப்பன் என்பது ஒரு தாயின் பயத்திலிருந்தும் ஆசையிலிருந்தும் பிறந்த பெயர். அழகான பெயர்ப் புத்தகங்களில் இருக்கிற எந்தப் பெயரிலும் இவ்வளவு ஆசை இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இதற்கு நேர்மாறான பெயர்களும் உண்டு. என் சித்தியின் பெயர் போதும்பொண்ணு. நாலாவது பெண்ணாகப் பிறந்தவள். திருத்தணிப் பக்கத்து ஊர்களில் 'வேண்டாம்' என்றே பெண்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். குப்பன் என்ற பெயர் 'இரு' என்பதை மறைத்துச் சொல்கிறது. போதும்பொண்ணு என்ற பெயர் எதையும் மறைக்கவில்லை. ஒன்று சாவை ஏமாற்ற இட்ட பெயர், இன்னொன்று தெய்வத்துக்கு எழுதிய புகார் மனு. புகார் மனுவைச் சுமந்துகொண்டு ஆயுசு முழுக்க நடந்தவள் சித்தி.

மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் நால்வருணத்துக்கும் பெயர் வைக்கும் முறையைச் சொல்கிறது. பிராமணனின் பெயர் மங்கலத்தையும், சத்திரியனின் பெயர் வலிமையையும், வைசியனின் பெயர் செல்வத்தையும், சூத்திரனின் பெயர் இழிவையும் குறிக்க வேண்டும். அந்த நாலுக்கும் வெளியே நிறுத்தப்பட்ட எங்களுக்கு என்ன பெயர் என்று அந்த இடம் பேசுவதில்லை. குப்பன் என்ற பெயரை மனுவோடு சேர்த்துப் பார்த்து, 'பார், இழிவான பெயரை வைத்திருக்கிறார்கள்' என்று முடித்துவிடுவது சுலபம். நானே என் இருபதுகளில் அப்படித்தான் பேசித் திரிந்தேன். ஆனால் அது பாட்டியின் குப்பைமேட்டை அழித்துவிடுகிற வாசிப்பு. பெயரை வைத்தவள் ஆண்டை அல்ல, பாட்டி. வைத்தவளின் பொருளை வேறொருவன் எப்படித் தனக்கென்று எடுத்துக்கொண்டான் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த பேரறிஞர் குப்புசாமி சாஸ்திரி. அவர் பெயரால் மயிலாப்பூரில் ஆய்வு நிறுவனமே இருக்கிறது. அவர் பெயரின் முதல் பாதியும் என் அப்பா பெயரின் முதல் பாதியும் ஒன்றுதான். அந்தப் பெயரைச் சொல்லும்போது யாருக்கும் குப்பை நினைவுக்கு வருவதில்லை. குப்பையின் பொருளைத் தீர்மானிப்பது குப்பைக்குப் பின்னால் வருவது.

3

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் விளிக்கென்றே தனி இயல் இருக்கிறது, விளிமரபு. வேற்றுமை ஏழு என்று சொல்லி, விளியோடு எட்டு என்று சேர்த்துக்கொள்கிற இடமும் சுவையானது. எட்டாவது, மற்ற ஏழோடு சேர்ந்தும் சேராமலும் நிற்கிறது. அன் என்று முடியும் பெயர் விளிக்கும்போது ஆ என்று ஆகும்: சோழன், சோழா. பக்கத்தில் இருப்பவரை அழைத்தால் அகரமாகக் குறுகும்: சோழ. தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட ஒலி நீளும். இலக்கண ஆசிரியர் அண்மையையும் சேய்மையையும் காது வைத்துக் கேட்டு அளந்திருக்கிறார்.

அவர் அளந்தது கிடைமட்டத் தூரம். எங்கள் ஊரில் செங்குத்துத் தூரமும் இருந்தது. அதற்கும் விளிமரபு உண்டு, நூற்பாதான் கிடையாது.

அப்பா ஆண்டை வீட்டில் படியாள். ஆண்டை வீட்டுப் பேரனுக்கு அப்போது எட்டு வயசு இருக்கும். 'ஏ குப்பா, மாட்ட அவுத்துக் கட்டு' என்பான். அப்பா, 'இதோ சின்ன ஆண்டே' என்பார். இதில் அந்தப் பையனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட இலக்கணம் அது. அவனைவிட இரண்டு வயது சின்னவனான நான் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

வீட்டில் அப்பாவின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். புருஷன் பெயரைச் சொல்வது ஆயுசுக்குக் கேடு என்று அம்மா 'இந்தாய்யா', 'அம்மாசி அப்பா' என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு அப்பா. சித்திக்கு மாமா. தெருவில் சின்னவர்களுக்கு அண்ணன், பெரியப்பா. பாட்டி செத்த பிறகு அவரை உரிமையாய்க் 'குப்பா' என்று கூப்பிட இரண்டு மூன்று கிழடுகளைத் தவிர ஆளில்லை. தமிழ்ச் சமூகத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்பது மேலிருந்து கீழே மட்டும் போகிற ஒன்று. சமமானவர்களுக்கும் சிறியவர்களுக்கும் முறைப்பெயர் இருக்கிறது. விளைவாக, என் அப்பா தன் சொந்தப் பெயரைத் தன் காதால் அதிகம் கேட்டது ஆண்டை வீட்டு முற்றத்தில்தான். பாட்டி வைத்த பெயரைப் பெரும்பாலும் பயன்படுத்தியது ஆண்டை வீடு. பொருள் கைமாறியது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு இது இன்னும் மோசம். அவள் 'குப்பன் பொண்டாட்டி'யாக இருந்தாள், பிறகு 'அம்மாசி அம்மா' ஆனாள். அவளுடைய பெயரை நான் முதன்முதலாகப் பார்த்தது வாக்காளர் பட்டியலில்.

லூயி அல்தூசர் 1970இல் கருத்தியலைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு தெருக்காட்சி வரும். ஒரு போலீஸ்காரன் பின்னாலிருந்து 'ஏய், உன்னத்தான்' என்று கூப்பிடுகிறான். கூப்பிடப்பட்டவன் திரும்பிப் பார்க்கிறான். திரும்பிய அந்தக் கணத்தில் அவன் கருத்தியலின் தன்னிலை ஆகிறான். நமது சிறுபத்திரிகைகளில் தொண்ணூறுகளில் இந்த உதாரணம் நிறையவே புழங்கியது. அப்போது அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் போலீஸ்காரன் தெரியவில்லை. மாட்டுக் கொட்டகைதான் தெரிந்தது. அல்தூசர் செத்தபின் 1992இல் வெளிவந்த தன்வரலாற்றில் தன் பெயரைப் பற்றி எழுதியிருக்கிறார். அம்மா நேசித்த, முதல் உலகப் போரில் இறந்துபோன சித்தப்பாவின் பெயரை இவருக்கு வைத்துவிட்டார்கள். லூயி என்று கூப்பிடும்போது, பிரெஞ்சில் 'அவன்' என்று பொருள்படும் சொல்தான் தன் காதில் விழுந்தது என்கிறார். தன்னைக் கூப்பிடும் சொல்லில் வேறொருவன் இருந்தான். அவன், இவன் போன்ற சுட்டுப்பெயர்கள் விளி ஏற்காது என்று விளிமரபு சொல்கிறது. யான் என்பதற்கும் விளி கிடையாது. நம்மை நாமே கூப்பிட முடியாது. பிறர் கூப்பிட்டால்தான் உண்டு.

4

எழுபதுகளில் ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்தார்கள். அப்பா வயலில். 'குடும்பத் தலைவர் பேர் என்னம்மா?' அம்மா எப்படிச் சொல்வாள்? தெருக்கோடியைக் காட்டி, 'தோ மேடா கெடக்குதே, அது பேரு' என்றாள். வந்தவருக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வாசலிலிருந்து, 'குப்பு... குப்புன்னு எழுதிக்கங்க சார்' என்று சொல்லிச் சிரித்தாள். அவர் நாகரிகமான மனிதர் போலிருக்கிறது. குப்புசாமி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இப்படியாக அரசாங்கம் என் அப்பாவைச் சாமி ஆக்கியது. முதல் தடவை சர்க்கரை வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். கடைக்காரர் மேலே இருந்த கார்டை எடுத்து, 'குப்புசாமி! யாரப்பா குப்புசாமி?' என்று சத்தமாகப் படித்தார். அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். 'அட நீயா. வா குப்பா, பையப் புடி.'

கார்டில் இருந்தது முதல் வேற்றுமை. வாயில் வந்தது எட்டாம் வேற்றுமை. முதல் வேற்றுமையைத் தாளில் திருத்தலாம். எட்டாம் வேற்றுமையைத் திருத்த ஆளை நிமிர்ந்து பார்க்கிற கண்ணைத் திருத்த வேண்டியிருக்கிறது.

அந்தச் 'சாமி'யால் பிறகு எனக்குத்தான் அலைச்சல். பள்ளிக்கூடச் சான்றிதழில் தகப்பனார் பெயர் குப்பன், குடும்ப அட்டையில் குப்புசாமி. உதவித்தொகை வாங்க, குப்பன், குப்புசாமி இருவரும் ஒருவரே என்று சான்று வாங்கி வரச் சொன்னார்கள். நாலு நாள் நடந்து வாங்கினேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'இருவரும் ஒருவரே.' அத்வைதம் மாதிரி இருக்கும்.

5

என் பெயருக்கு வருகிறேன். அமாவாசையன்று பிறந்ததால் அம்மாசி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர், 'அம்மாசியா? நாளைக்கிப் பையன் ஆபீஸ்ல ஒக்காந்தா இந்தப் பேரச் சொல்லி எவன்டா மரியாதையா கூப்புடுவான்?' என்று கேட்டு, தன் விருப்பத்தில் சந்திரசேகரன் என்று எழுதினார். நிலா இல்லாத நாளில் பிறந்தவனுக்கு நிலாவைத் தலையில் சூடிய கடவுளின் பெயர். அவர் வேண்டுமென்றே விளையாடினாரா என்பது தெரியாது. அவர் செய்தது நன்மை என்பதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அவர் பெயரின் பொருளைப் பற்றிக் கவலைப்படவில்லை. யார் எப்படிக் கூப்பிடுவார்கள் என்றுதான் கவலைப்பட்டார். இந்தக் கட்டுரை இத்தனை பக்கம் சுற்றிச் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

என்றாலும் அந்த ஒரு நொடியில் அம்மாவின் நாட்காட்டி அழிந்தது. அவளுக்குக் கடைசிவரை என் புதுப்பெயர் வாயில் நுழையவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் நர்ஸிடம், 'எம் புள்ள அம்மாசிய வரச் சொல்லு' என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெயரில் யாரும் இல்லையே என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்.

6

பெயருக்குப் பின்னால் வருகிற வாலைப் பற்றிப் பேச வேண்டும். தமிழில் பட்டம் பெயருக்கு முன்னால் வருவதுதான் பழைய மரபு. சிறப்புப் பெயரும் இயற்பெயரும் சேர்ந்து வரும்போது இயற்பெயரை முன்னால் சொல்ல மாட்டார்கள் என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் ஒரு விதி இருக்கிறது. தகப்பன் பெயரும் முன்னால்தான். தந்தை பெயரோடு மகன் பெயர் சேரும்போது எழுத்து எப்படித் திரியும் என்பதற்கு எழுத்ததிகாரத்தில் விதி உண்டு. கொற்றனின் மகன் கொற்றன் என்றால் கொற்றங்கொற்றன். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்ற சங்கப் புலவர் பெயரைப் பாருங்கள். ஊர், தகப்பன், தான். இன்று நாம் இன்ஷியல் என்று சுருக்கிப் போடுவதை நீட்டி எழுதினால் இதுதான். கீழடிப் பானையோடுகளில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்று கீறியிருக்கிறது. அங்கே வாலைக் காணோம். உடனே சாதியில்லாத பொற்காலம் என்று ஆரம்பித்துவிட வேண்டாம். பெயரின் பின்னால் வால் இல்லை என்பதால் தெருவில் தூரம் இல்லை என்றாகாது. எங்கள் தெருவில் எவனுக்கும் வால் கிடையாது, தூரம் மட்டும் நிறைய இருந்தது.

பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் ஒட்டுவது பின்னால் பெருகிய வழக்கம். ஈ.வெ.ரா. 1927 இறுதியில் 'குடி அரசு' இதழில் தன் பெயரிலிருந்த நாயக்கரை எடுத்தார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானம் போட்டது. இந்தியாவின் பல மாநிலங்களில் ஒருவரின் பெயரைக் கேட்டதுமே சாதி தெரிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் அவ்வளவு சுலபமில்லை என்றால் காரணம் இதுதான்.

எங்களுக்கு அறுக்க வால் இல்லை. அப்படியானால் இந்தத் தீர்மானத்தால் எங்களுக்கு என்ன லாபம் என்று ஒரு நண்பர் கேட்டார். மற்றவர்கள் வாலை அறுத்துக்கொண்டதால்தான் கு. சந்திரசேகரன் என்ற பெயர் ஒரு வருகைப் பதிவேட்டில் மற்ற பெயர்களைப் போலவே படுத்திருக்க முடிந்தது. இது சின்ன விஷயமில்லை. ஆனால் வால் போனால் மோப்பம் போய்விடுமா? ஒரு நேர்முகத் தேர்வில், 'கு-ன்னா என்ன தம்பி? குமாரசாமியா, குருசாமியா?' என்று கேட்டார் ஒரு பெரியவர். குப்பன் என்றேன். 'ஓ' என்றார். அந்த ஓவுக்கு எத்தனை மாத்திரை என்று எந்த இலக்கணமும் சொல்லாது. இன்ஷியல் ஒரு மூடிய கதவு. தட்டுகிறவர்களுக்குத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. பெண்களுக்கோ கல்யாணத்தோடு கதவே மாறிப்போகிறது. அப்பாவின் எழுத்துப் போய்ப் புருஷனின் எழுத்து வருகிறது.

தனித்தமிழ்க்காரர்கள் வேறு வழியில் போனார்கள். வேதாசலம் 1916வாக்கில் மறைமலை ஆனார். வேதம் மறை, அசலம் மலை. சூரியநாராயண சாஸ்திரி தன்னைப் பரிதிமாற் கலைஞன் என்று எழுதிக்கொண்டார். பிற்காலத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். பெயர் என்பது மொழிபெயர்க்கக் கூடிய பொருள் கொண்டது என்ற நம்பிக்கை மறைமலையிலும் பரிதிமாற் கலைஞனிலும் இருக்கிறது. சாஸ்திரியும் விடுபடாமல் கலைஞனாகியிருப்பதைக் கவனியுங்கள். இதன் அரசியல் முக்கியத்துவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் குப்பன், கருப்பன், காத்தான், பொன்னி, மூக்காயி ஆகியோரை யாரும் தமிழ்ப்படுத்தவில்லை. படுத்த வேண்டியிருக்கவில்லை, ஏற்கெனவே தமிழ்தான். தூய தமிழ்ப் பெயரைத் தேடிச் சங்க இலக்கியத்துக்குப் போனவர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் போனார்கள். யாரையும் பேர் கேட்கவில்லை.

எங்களில் பெயரை மாற்றிக்கொண்டவர்களின் கணக்கு வேறு. 1845இல் பிறந்த காத்தவராயன் தன் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். அவர் பொருளை மொழிபெயர்க்கவில்லை. யாரிடமிருந்து கற்றேனோ அவர் பெயரால் என்னைக் கூப்பிடுங்கள் என்றார்.

7

1929 தீர்மானம் காலி செய்த இடத்தை இன்று ஒரு படிவம் திரும்ப நிரப்பப் பார்க்கிறது. கணினியில் 'சர்நேம்' என்றொரு கட்டம். நிரப்பாமல் விட்டால் பல இடங்களில் அடுத்த பக்கம் போக விடாது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பது அந்தக் கட்டத்துக்குத் தெரியாது.

குடும்பப் பெயர் என்பது இயற்கையாக விளைந்த ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. நிலையான குடும்பப் பெயர்கள் பரவியதற்கும், வரி வாங்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் குடிகளைக் கணக்கில் வைக்க விரும்பிய அரசுகளுக்கும் உள்ள தொடர்பை 1998இல் வந்த நூலில் ஜேம்ஸ் ஸ்காட் விளக்கினார். பிலிப்பைன்ஸில் ஸ்பானிய ஆளுநர் கிளவேரியா 1849இல் ஒரு ஆணை போட்டார். சுமார் 60,000 பெயர்கள் கொண்ட அகரவரிசைப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, பக்கம் பக்கமாக ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். சில ஊர்களில் எல்லாக் குடும்பப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கியது இதனால்தான். துருக்கி 1934இல் எல்லாரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளச் சட்டம் போட்டது. முஸ்தபா கெமாலுக்கு அதாதுர்க் என்ற பெயரை நாடாளுமன்றமே கொடுத்தது. துருக்கியரின் தந்தை என்று பொருள் சொல்வார்கள்.

நமக்கு அப்படி ஒரு ஆணை வரவில்லை. அதனால் விமானமேறும்போது மாட்டிக்கொள்கிறோம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராக வைத்து, முன்னால் எஃப்.என்.யூ. என்று போடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அதுவே பெயராகி, 'எஃப்னு' என்று கூப்பிடப்பட்டவர்கள் நம்மில் இருக்கிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். இந்தக் கட்டத்தைச் சாக்காக வைத்துச் சிலர், தாத்தா விட்ட சாதிப் பட்டத்தைத் திரும்ப எடுத்து ஒட்டிக்கொள்வதையும் பார்க்கிறேன். தீர்மானத்தை ரத்து செய்ய மாநாடு தேவைப்படவில்லை, ஒரு கட்டம் போதுமாயிருந்தது.

மகள் ஜெர்மனியில் வேலையில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போக 2023இல் நானும் பாஸ்போர்ட் எடுத்தேன். கணினி மையத்துப் பையன், 'சர்நேம் என்ன சார் போட?' என்றான். அப்பா பேர் போடு என்றேன். சொன்னேன். அவன் தட்டச்சு செய்யாமல் என்னைப் பார்த்தான். 'சார், வேணும்னா கே-ன்னு மட்டும் போட்டுக்கலாம். அங்கல்லாம் இதத்தான் சார் கூப்புடுவாங்க.' எனக்காகத்தான் சொன்னான். முழுசாகப் போடச் சொன்னேன்.

8

அங்கே போன மூன்றாவது வாரம் மூட்டுவலி அதிகமாகி மகள் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனாள். காத்திருக்கும் அறையில் பத்துப் பேர் இருந்தோம். கதவைத் திறந்து ஒரு பெண் தாளைப் பார்த்துப் படித்தாள். 'ஹெர் குப்பன்.'

ஹெர் என்றால் என்ன என்று மகளிடம் கேட்டேன். 'திரு மாதிரிப்பா. மிஸ்டர்.' பிறகு கொஞ்சம் யோசித்து, 'பழைய அர்த்தம் எஜமான். சாமியையும் அப்படித்தான் சொல்லுவாங்க' என்றாள். நம்ம ஊரில் அதற்கு ஆண்டை என்று பெயர்.

இதை வைத்து வெற்றி என்று எதையும் நான் அறிவிக்கப் போவதில்லை. அந்தப் பெண்ணுக்குக் குப்பை தெரியாது, கொட்டகை தெரியாது. அவள் கூப்பிட்டது ஒரு கட்டத்தில் நிரப்பிய எழுத்துக்களை. கடைக்காரருக்கு அப்பாவைப் பார்த்ததும் மாறிய விளி, அவளுக்கு என்னைப் பார்த்ததும் மாறவில்லை, அவ்வளவுதான். என் அப்பாவுக்கு ஆண்டை ஆகிற ஆசையும் இருந்ததில்லை. தன்னைவிடச் சின்னப் பையன் தன்னை 'அண்ணே' என்று கூப்பிட்டிருந்தால் அவருக்குப் போதுமாயிருந்திருக்கும்.

அந்தப் பெண் இன்னொரு தடவை, 'ஹெர் குப்பன்?' என்று கேட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். மகள் என் தோளைத் தொட்டு, 'அப்பா, உன்னத்தான் கூப்புடறாங்க' என்றாள். எனக்கு எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் எழுந்து போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.